கரும்புகையும் இழுவைக் குறைவும்: ஆத்தங்குடிக் கல் ஏற்றும் பிக்கப்பில் செய்த வேலை

வண்டி: 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போவும் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது) இன்டர்கூலரும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது) உள்ள பிஎஸ்4 காமன் ரெயில் பிக்கப். காமன் ரெயில் என்றால், பம்ப் தரும் உயர் அழுத்த டீசலை ஒரே குழாயில் (ரெயில்) சேர்த்து எல்லா நாசிலுக்கும் பிரிக்கும் முறை. ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் சிமென்ட் கல்) ஏற்றி, திருமயம் வழியாகப் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் இறக்குவதுதான் அன்றாட ஓட்டம். டிரைவர் சொன்ன குறை: "மூணாவதுல மிதிச்சா இழுக்க மாட்டேங்குது, பின்னாடி கரும்புகை தள்ளுது. காலி வண்டியில ஒண்ணும் தெரியல." வேறொரு இடத்தில் காட்டியபோது, டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலையும் கழற்றி லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கழற்றவில்லை. காமன் ரெயில் வண்டியில் இழுவை குறைந்து, கூடவே கரும்புகையும் வந்தால் முதலில் தேட வேண்டிய இடம் காற்றுப் பக்கம். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். டீசல் என்ஜின் எப்போதும் அதைவிடக் கூடுதல் காற்றோடுதான் ஓடும். அந்தக் கூடுதல் காற்று குறைந்தால் எரியாத கரி சைலன்சர் வழியாக வெளியே வரும். டீசல் பக்கம் அடைப்பு என்றால் நிலைமை நேர்மாறு: டீசலே போதவில்லை, அப்புறம் புகை எங்கிருந்து வரும்? இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பில்டர், தொட்டி, சக்ஷன் லைன், பம்ப் என்று போகலாம். இழுவை இல்லை, கரும்புகை உண்டு என்றால் ஏர் கிளீனரில் தொடங்கி டர்போ, இன்டர்கூலர், ஹோஸ், ஈஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் வால்வு) வரை பார்த்து முடிக்காமல் நாசிலில் கை வைக்கக் கூடாது. ஒழுகும் நாசிலும் கரும்புகை தரும்தான். ஆனால் அது ஐடிலிலேயே தட்டும், காலி வண்டியிலும் புகையும். சுமை ஏறும்போது மட்டும் வரும் புகை பெரும்பாலும் காற்றுக் கணக்கு.

அதற்கும் முன்னால் இழுவைக் குறைவு உண்மையிலேயே என்ஜினுடையதா என்று பார்த்தாக வேண்டும். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுழற்றினோம். பிரேக் ஷூ பிடிக்கவில்லை. நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் முழுதாக மிதித்தபோது ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாமல் நின்றால் அது கிளட்ச் வழுக்கல். இந்த வண்டியில் அப்படி இல்லை. பெடலை முழுதாக அழுத்தினால் ஸ்கேனரில் 100 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். தடித்த கால்மிதி பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் 80-லேயே நின்றுவிடும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் இதைப் பார்க்காமல் டர்போ வரை போன வண்டிகள் உண்டு.

செக் என்ஜின் லைட் எரியவில்லை. ஸ்கேனர் போட்டால் மெமரியில் பி0299 என்ற பிழைக் குறியீடு (கோடு) பதிந்திருந்தது. டர்போ அழுத்தம், ஈசியூ (என்ஜின் கணினி) கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதற்கான கோடு அது. கோடைப் பார்த்த உடனே டர்போவை மாற்றச் சொல்வது அவசரம். அழுத்தம் வரவில்லை என்றுதான் கோடு சொல்கிறது, எங்கே போனது என்று சொல்லவில்லை.

நிறுத்திய இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்ப்பதால் இதில் பயன் குறைவு. சுமை இல்லாத என்ஜினில் டர்போ அழுத்தம் பெரிதாக ஏறாது. அதனால் கல் ஏற்றிய நிலையிலேயே ஓட்டிப் பார்த்தோம். பத்துக்குப் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்று சுமார் 3 கிலோ. 400 கல் என்றால் 1,200 கிலோ. தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து ஈரம் காயாத கல் என்றால் இன்னும் கூடும். செட்டிநாட்டுச் சாலைகள் பெரும்பாலும் சமதரை. ஏற்றம் வேண்டுமானால் மேம்பாலச் சரிவுதான், அல்லது மூன்றாவது கியரில் 1,500-இலிருந்து 3,000 ஆர்பிஎம் வரை பெடலை முழுதாக அழுத்தி ஏற்ற வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவரே திரையைப் பார்க்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை நான்கு: ரெயில் அழுத்தம் (கேட்டது, வந்தது), டர்போ அழுத்தம் (கேட்டது, வந்தது), காற்றளவு சென்சார், ஈஜிஆர் வால்வின் நிலை. சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓட்டாமல், மேனிபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) அழுத்த சென்சாரை முதலில் படிக்க வேண்டும். காரைக்குடி கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருப்பதால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். 85 அல்லது 115 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, அதை வைத்து மேலே போகக் கூடாது. இந்த வண்டியில் 100 வந்தது.

மூன்றாவது கியர், 2,500 ஆர்பிஎம், முழு மிதி: ரெயில் அழுத்தம் கேட்டது 1,300 பார், வந்தது 1,290. டர்போ அழுத்தம் கேட்டது 210 கிலோபாஸ்கல், வந்தது 150. பம்பையும் நாசிலையும் கழற்ற வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு வரியே போதும். பம்ப் தேய்ந்திருந்தாலோ நாசில்கள் ரிட்டர்னில் (டீசல் தொட்டிக்குத் திரும்பும் வழியில்) அதிகம் விட்டாலோ, சுமையில் ரெயில் அழுத்தம் கேட்டதற்குக் கீழே விழுந்து பி0087 பதிந்திருக்கும். இங்கே டீசல் கேட்டபடி வந்துகொண்டிருக்கிறது, காற்றுதான் வரவில்லை.

ஏர் கிளீனரைத் திறந்தால் செம்மண் நிறம். கற்பட்டறை வாசலில் மணிக்கணக்கில் நிற்கும் வண்டி என்பதால் சிமென்ட் தூளும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்வதுதான் தொல்லை. வெறும் செம்மண் தூசி தட்டினால் ஓரளவு உதிரும். சிமென்ட் தூள் மழைக்கால ஈரத்தில் இறுகி, காகித மடிப்புகளின் அடியில் ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் காற்றுக் குழலைப் பில்டருக்கு மிக அருகே வைத்து அடித்தால் ஓடு போகாது, காகிதம்தான் கிழியும். கிழிந்த இடம் வழியாகப் போகும் தூசி டர்போவின் கம்ப்ரஸர் இறக்கையை அரிக்கும், பிறகு லைனரையும் ரிங்கையும் தின்னும். இந்தப் பக்கம் ஓடும் சுமை வண்டிக்குக் கையேட்டில் போட்ட கி.மீ.யில் பாதியிலேயே பில்டரை மாற்றிவிடுவது நல்லது. புதிய பில்டர் போட்டு மறுபடி ஓட்டியதில் 150 என்பது 160 ஆனது. குறையில் ஒரு பங்குதான் அது.

அடுத்து லீக் டெஸ்ட். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் டர்போ இன்லெட் ஹோஸுக்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப் ஒன்று, டியூப்லெஸ் டயருக்குப் போடும் வால்வு ஒன்று. கேப்பின் நடுவில் துளையிட்டு வால்வை இழுத்துப் பொருத்தினால் கருவி தயார். காற்றளவு சென்சாரைத் தாண்டி, டர்போவின் வாயில் இதைச் செருகி கிளிப் போட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என்ஜினின் உள் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் டர்போவின் இன்லெட் குழாயில்தான் வந்து சேரும். அதைக் கழற்றாமல் காற்று அடித்தால் அழுத்தம் என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். பிரீதரைக் கழற்றி, இன்லெட் பக்கத் துளையை அடைத்த பிறகே காற்று. அழுத்தம் 10 பிஎஸ்ஐயில் தொடங்கலாம், 15-ஐத் தாண்டக் கூடாது. கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் இல்லை என்றால் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். டிப்ஸ்டிக் துளையில் லேசாகக் காற்று வருவது சகஜம். வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாக ரிங் இடுக்கில் நழுவும் காற்று அது.

ஷாம்பு கலந்த தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ஒவ்வொரு மூட்டாக அடித்தோம். டர்போ அவுட்லெட், இன்டர்கூலரின் இரண்டு முனை, மேனிபோல்டு ஹோஸ், அழுத்த சென்சாரின் ஓ-ரிங். இன்டர்கூலரிலிருந்து மேனிபோல்டுக்கு ஏறும் ஹோஸின் அடிப்புறத்தில், கிளிப்பை ஒட்டி, நுரை பொங்கியது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு போல இருக்கிறது. கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பிளவு. அழுத்தம் இல்லாதபோது உதடு மூடியபடி இருக்கிறது, அழுத்தம் ஏறினால்தான் திறக்கிறது. காலி வண்டியில் குறை தெரியாததன் காரணம் அந்த உதடுதான். பிளவைச் சுற்றிக் கறுப்பு ஆயில் பிசுக்கும் அதில் ஒட்டிய செம்மண்ணும் இருந்தன. லீக் டெஸ்ட் செய்ய வசதியே இல்லாத இடத்தில் இந்தக் கறைதான் அடையாளம்: ஹோஸ் வெளியே ஓரிடத்தில் மட்டும் ஈரமாக மண் பிடித்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது.

கரும்புகை ஏன் வந்தது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. காற்றளவு சென்சார் ஏர் கிளீனருக்கு அடுத்து இருக்கிறது. உள்ளே போன காற்றை அது சரியாகத்தான் அளக்கிறது. ஈசியூ அந்தக் காற்றுக்கு ஏற்ற டீசலை விடுகிறது. போகிற வழியில் ஹோஸில் காற்று சிந்துகிறது. அளந்த காற்றுக்கு டீசல், சிலிண்டரில் இருப்பதோ குறைந்த காற்று. சென்சாரே அழுக்காகிக் குறைத்துக் காட்டியிருந்தால் ஈசியூ டீசலையும் குறைத்துவிடும். இழுவை போகும், புகை வராது. இந்த வேறுபாடு கையில் இருந்தால் பாதி வேலை ஸ்கேனர் இல்லாமலே முடியும்.

ஹோஸை மாற்றி அனுப்பியிருந்தால் சில மாதத்தில் திரும்ப வந்திருக்கும். கிளிப் புதுசு, ஹோஸின் மறுமுனையில் பழைய கிளிப் தடம். அதாவது அதே இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை வேலை நடந்திருக்கிறது. ஒரே இடம் திரும்பத் திரும்பக் கிழிந்தால் ஏதோ ஒன்று அதை இழுக்கிறது. பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டால் என்ஜின் சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இந்த என்ஜின் ஒரு பக்கமாக நன்றாகவே எழும்பியது. என்ஜின் மவுண்டிங்கின் ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்து கிடந்தது. இன்டர்கூலர் பாடியோடு நிற்கிறது, மேனிபோல்டு என்ஜினோடு ஆடுகிறது. நடுவில் உள்ள ஹோஸ்தான் அந்த ஆட்டத்தை முழுக்கத் தாங்குகிறது. மவுண்டிங் ஜோடியாக மாற்றப்பட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் வெவ்வேறு உயரத்தில் நின்று அதிர்வு வேறு விதமாக வரும்.

ஹோஸ் வாங்கும்போது விலையைப் பார்த்துச் சாதாரண சிலிக்கான் ஹோஸ் போட வேண்டாம். ஆயில் ஆவி சிலிக்கானில் ஊறி வெளியே வியர்க்கும், நாளடைவில் மெத்தென்று ஆகிவிடும். கம்பெனி ரப்பர் ஹோஸ், அல்லது உள்ளே ஆயில் தாங்கும் லைனிங் உள்ள சிலிக்கான். குழாயின் முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, ஆயில் இல்லாமல் உலர்த்திய பிறகே ஏற்ற வேண்டும். வழுக்கி ஏறட்டும் என்று கிரீஸ் தடவினால் சுமையில் ஹோஸ் கழன்று பறக்கும். கிளிப், குழாயின் விளிம்பு மேட்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும். இன்டர்கூலரைக் கையோடு கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலை வடித்தோம். வெளிப்புறத் தகடுகளில் சிமென்ட் தூளும் வண்டும் அடைத்திருந்ததால், என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும்.

மறுபடி அதே சுமை, அதே கியர்: கேட்டது 210, வந்தது 205. இழுவை வந்துவிட்டது. மேலே உள்ள ஆர்பிஎம்மில் புகை இல்லை. ஆனால் 1,500 வாக்கில் மிதிக்கும் கணத்தில் ஒரு கொத்துக் கரும்புகை மிச்சம் இருந்தது.

அது ஈஜிஆர். ஸ்கேனரில் ஈசியூ வால்வை முழுதாக மூடச் சொல்கிறது, வால்வோ 14 சதவீதம் திறந்து நிற்கிறது. எரிந்த புகை சுத்தக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் குறைந்த ஆர்பிஎம்மில், டர்போ இன்னும் ஏறாத நேரத்தில், பாதிப்பு அதிகம். வால்வைக் கழற்றினால் வாயில் பசை போலக் கரி. விரலால் வழித்தால் கறுப்பு வெண்ணெய் மாதிரி வருகிறது. பிரீதர் ஆயில் ஆவியும் ஈஜிஆர் கரியும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். ஹோஸ் கிழிந்து கரி அதிகமானது, அந்தக் கரி வால்வை மாட்டவைத்தது, மாட்டிய வால்வு மேலும் கரியைக் கொடுத்தது. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் ஈஜிஆரைச் சுத்தம் செய்து ஹோஸை விட்டிருந்தால் மீண்டும் அடைத்திருக்கும்.

சுத்தம் செய்யும்போது மோட்டார் பகுதி மேலே, வால்வு வாய் கீழே இருக்கும்படி பிடித்து கார்புரேட்டர் கிளீனர் அடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் திரவம் சென்சாருக்குள் இறங்கும். நைலான் பிரஷ் போதும். ஸ்குரூடிரைவரால் வால்வைக் கட்டாயப்படுத்தித் திறக்கக் கூடாது. பல் சக்கரம் பிளாஸ்டிக்கில் உள்ள வால்வுகள் உண்டு. கேஸ்கட் புதிதாகப் போட்டு, மாட்டிய பின் ஸ்கேனரில் மூடிய நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தகடு போட்டு ஈஜிஆரை நிரந்தரமாக அடைக்கச் சொல்பவர்கள் உண்டு. சோதனைக்காகச் சில நிமிடம் அடைத்துப் பார்ப்பது வேறு; அப்படியே விட்டால் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும், லைட்டும் எரியும். சுத்தமாக இருக்கும் வால்வுக்கு அந்தத் தேவையே இல்லை.

நாசில்களைக் கழற்றாமலே ரிட்டர்ன் டெஸ்ட் செய்து பார்த்தோம். ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்ன் முனையிலும் தனிக்குழாய் போட்டு, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, சூடான என்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்ட வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றன. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு நிறைந்திருந்தால் அந்த நாசிலுக்கு வேலை. பழைய ரோட்டரி பம்ப் வண்டியில் செய்வதுபோல, ஓடும் என்ஜினில் நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழக்கம் காமன் ரெயிலில் கூடவே கூடாது. ஐடிலிலேயே 250 முதல் 350 பார் வரை இருக்கும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். உயர் அழுத்தப் பைப்பில் கை வைக்க வேண்டுமானால் என்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கும் வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். நாசில் மாற்றினால் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஈசியூவில் ஏற்ற வேண்டும், அடியில் செப்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் புகை கசிந்து நாசிலைச் சுற்றித் தார் போல இறுகிவிடும், அடுத்த முறை கழற்றவே வராது.

இதே குறைக்கு டர்போவையும் பலர் குற்றம் சொல்வார்கள். இன்லெட் குழாயைக் கழற்றி ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால், பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆயில் படலம் இல்லாதபோது அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ போய்விட்டது என்று அர்த்தம். நீலப்புகை வந்து இன்டர்கூலரில் ஆயில் நிறைந்திருந்தாலும் உடனே டர்போ மாற்ற வேண்டாம். டர்போவிலிருந்து சம்புக்கு இறங்கும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தடவிய பசை உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருந்தால், இறங்க வழியில்லாத ஆயில் சீல் வழியாகத்தான் வெளியே வரும். பிரீதர் அடைத்திருந்தாலும் அதே கதை. இரண்டும் சரி, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது என்றால் ரிங், லைனர் பக்கம் போக வேண்டும்.

வெண்புகை வேறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண் எரியும் வெண்புகை வந்து சூடானதும் நின்றால் குளோ பிளக் அல்லது கம்ப்ரஷன். சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டும் ஈஜிஆர் கூலரும் சந்தேகத்துக்குரியவை. ஈஜிஆர் கூலர் உள்ளே ஓட்டை விழுந்தால் ஹெட்டைக் கழற்றினாலும் குறை தீராது. கூலரைத் தனியே கழற்றி அழுத்தம் போட்டுப் பார்த்த பிறகே ஹெட்டில் கை வைக்கலாம்.

இந்த வண்டியில் கடைசியாக டீசல் பில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வடித்தோம். கொஞ்சம் வந்தது, மாற்றும் அளவுக்கு இல்லை. மொத்தம் போட்ட பொருள்: ஏர் பில்டர், இன்டர்கூலர் ஹோஸ், இரண்டு கிளிப், என்ஜின் மவுண்டிங் ஜோடி, ஈஜிஆர் கேஸ்கட். பி0299-ஐ அழித்துவிட்டு, 1,000 கி.மீ. ஓடியதும் கிளிப்களை ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும், ஈஜிஆர் மூடிய நிலையில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கவும், அதே மூன்றாவது கியர் ஓட்டத்தை முழுச் சுமையில் மறுபடி பதிவு செய்யவும் டிரைவரிடம் சொல்லி அனுப்பப்பட்டது.